ஆதிக்க மனத்தின் அடையாளம் எங்கே உள்ளது?

மகளுக்கு வரன் தேடும் தந்தை, ஜினாலயத்திற்கு அறங்காவலரைத் தெரிவு செய்யும் ஊரார், உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் குடிமகன் ஆகிய மூவர்க்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. பிறருடைய வாழ்வை யார் கையில் ஒப்படைக்கிறோமோ, அவர் அதிகாரம் கிட்டிய பின்னர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதே அக்கவலை. அதிகாரம் கைக்கு வருமுன் பெரும்பாலோர் இனியவராகவே காணப்படுகின்றனர். வந்தபின் சிலர் மாறிவிடுகின்றனர். உண்மையில் அவர்கள் மாறவில்லை. முன்னரே உள்ளிருந்தது வெளிப்படுவதற்கு இடம் கிடைத்தது, அவ்வளவே.

அங்ஙனமாயின், உள்ளிருப்பதை முன்னரே அறிய வழியுண்டா? உடை, நடை, மீசை, குரல், பார்வை, அன்றாடப் பழக்கம் இவற்றைக் கொண்டு ஒருவரது ஆதிக்க மனத்தைக் கண்டுகொள்ள இயலுமா? இயலுமெனின், அவ்வாறு பிறர் குற்றத்தை ஆராய்ந்து பார்ப்பது சிராவக தருமத்திற்கு ஒத்ததாகுமா? இவ்விரு வினாக்களையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

முகம் பார்த்துக் குணம் அறிதல்

முகத்தையும் அங்கங்களையும் கொண்டு குணத்தைக் கணிப்பது பழைய வழக்கம். நம் நாட்டில் சாமுத்திரிகம் என்ற பெயரில் அது வழங்கியது. மேனாட்டிலும் இத்தகைய நம்பிக்கை அறிவியல் போர்வை போர்த்து வந்தது. இத்தாலி நாட்டு மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ என்பவர் 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், குற்றவாளிகளுள் பலர் பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவர்கள் என்றும், தாடை, நெற்றி, காது முதலியவற்றின் அமைப்பால் அவர்களை இனங்காணலாம் என்றும் வாதிட்டார். இக்கொள்கை பிற்காலத்தில் ஆதாரமற்றது என்று கைவிடப்பட்டது.

ஆனால் கைவிடப்படுமுன் இத்தகைய எண்ணங்கள் செய்த தீங்கு சிறிதன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், அளவுக் கருவிகளைக் கொண்டு தென்னிந்திய மக்களின் மூக்கையும் மண்டையோட்டையும் அளந்து குறித்தார். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இன்றும் நூலகங்களில் உள்ளன. அதே காலத்தில், 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒரு தவறும் செய்யாத மனிதர்கூட, குறிப்பிட்ட குலத்தில் பிறந்த ஒரே காரணத்தால் காவல் நிலையத்தில் பதிவு செய்யப்பட்டு, கைரேகை வைக்கவும், இரவில் ஊரைவிட்டு அகலாதிருக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோற்றத்தையும் பிறப்பையும் கொண்டு எவரை அபாயமானவர் என்று முத்திரை குத்தினார்களோ, அவர்கள் ஆளப்பட்டவர்கள். முத்திரை குத்தியவர்களே ஆள்பவர்கள். பிறர் உடலில் குற்றம் தேடிய அளவுகோலே ஆதிக்கத்தின் கருவியாயிற்று.

இரண்டும் வேறு வினைகள்

நம் ஆகமங்களை ஓதியோர்க்கு இத்தவறு எளிதில் விளங்கும். உடலின் வடிவு, உறுப்புகளின் அமைப்பு, எலும்பின் வலிமை, குரலின் இனிமை அல்லது கடுமை ஆகிய யாவும் நாம கர்மத்தின் பயன்கள். இனிய குரலுக்குச் சுஸ்வரம் என்றும் இன்னாக் குரலுக்குத் துஸ்வரம் என்றும் அதன் பிரிவுகளிலேயே பெயருண்டு. ஆனால் மானம் எனப்படும் செருக்கோ மோகனீய கர்மத்தைச் சார்ந்தது. சாரித்திர மோகனீயத்தின் கஷாயங்கள் நான்கனுள் ஒன்று. ஒன்று உடலை ஆக்கும் வினை. மற்றொன்று ஒழுக்கத்தை மயக்கும் வினை. முன்னதன் பயனைப் பார்த்துப் பின்னதனை அளப்பது, குடத்தின் நிறத்தைக் கண்டு உள்ளிருக்கும் நீரின் சுவையைக் கூறுவது போன்றதாகும். அடர்ந்த மீசையும் கரகரத்த குரலும் உடைய ஒருவர் கனிந்த உள்ளத்தினராக இருக்கக்கூடும். மென்குரலில் பேசும் மெல்லியர் ஒருவர் வீட்டாரை நடுங்கவைப்பவராகவும் இருக்கக்கூடும்.

உடை பிறவியால் வருவதன்று, விரும்பி அணிவதாயிற்றே, அதனால் அறியலாகாதா என்று கேட்கலாம். விரும்பி அணியப்படுவதாலேயே அது நம்பத்தகாததாகிறது. செருக்கை அடுத்துச் சொல்லப்படும் கஷாயம் மாயை அன்றோ! எளிய கதராடையும் குவித்த கையும் உண்மையான அடக்கத்தைக் காட்டலாம். உள்ளே உள்ள ஆதிக்க வேட்கையை மறைக்கவும் செய்யலாம். ஆடம்பர உடை செல்வச் செருக்கையோ, வெறும் சிறுபிள்ளைத்தனத்தையோ குறிக்கலாம். ஆகவே உடை ஒருபோதும் தனிச்சான்று ஆகாது.

செருக்கின் அளவைக் கூறவந்த நம் ஆசாரியர்கள் முகத்தையும் உடையையும் எடுத்துக்கொள்ளவில்லை. கல், எலும்பு, மரம், பிரம்பு ஆகிய நான்கை உவமையாக்கினர். கல் ஒருநாளும் வளையாது. எலும்பு பெருமுயற்சியால் சிறிது வளையலாம். மரம் அதனினும் எளிதில் வளையும். பிரம்போ தொட்ட அளவில் வளையும். ஒருவன் நிற்கும் தோற்றம் இங்கே பேசப்படவில்லை. அவன்மீது ஒன்று வந்து மோதும்போது என்ன செய்கிறான் என்பதே பேசப்படுகிறது. ஆகவே செருக்கை அறிய விரும்புவோர் மறுப்பும் தடையும் நேரும் தருணத்தையே பார்த்தல் வேண்டும்.

அயல்நாட்டு ஆய்வு கூறுவது

இட்லரின் கொடுமைக்கு ஆளான யூத மக்களுள் தப்பிச் சென்ற அறிஞர் சிலர், இத்தகைய கொடுங்கோலனைச் சாதாரணக் குடும்பத்தினர் எவ்வாறு விரும்பி ஏற்றனர் என்ற வினாவை எழுப்பினர். ஜெர்மனியிலிருந்து வெளியேறிய தியோடர் அடோர்னோ, வியன்னாவிலிருந்து வெளியேறிய எல்ஸே ஃபிரெங்கல் பிரன்ஸ்விக் ஆகியோர், அமெரிக்கரான டேனியல் லெவின்சன், நெவிட் சான்ஃபோர்டு ஆகியோருடன் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ஆராய்ந்து, ஆதிக்க ஆளுமையைப் பற்றிய பெருநூலை 1950இல் வெளியிட்டனர். அவர்களுடைய வினாத்தாள் முறையில் குறைகள் பல எடுத்துக்காட்டப்பட்டன. எனினும் அவர்கள் தொடங்கிய ஆய்வு நின்றுவிடவில்லை. கனடா நாட்டு உளவியலறிஞர் பாப் ஆல்டெமேயர் 1981இல் அதனைச் சுருக்கி மூன்று இயல்புகளாக வகுத்தார். மேலிடத்திற்கு மறுபேச்சின்றிப் பணிதல், மேலிடம் சுட்டிக்காட்டுவோர் மீது சீறிப் பாய்தல், ஊர் வழக்கத்தை எள்ளளவும் மீறலாகாது என்று வற்புறுத்தல் என்பன அவை.

இம்மூன்றனுள் முதலாவது நம்மை வியக்க வைக்கும். ஆதிக்க மனத்தினன் எவர்க்கும் பணியாதவன் என்றே நாம் எண்ணுகிறோம். ஆராய்ந்தோர் கண்டதோ நேர்மாறானது. தனக்கு மேலே உள்ளவர்க்கு மிகுதியாக வளைபவனே தனக்குக் கீழே உள்ளவர்களை மிகுதியாக மிதிக்கின்றான். ஜெர்மானியர் இத்தகையவனைக் கேலியாக மிதிவண்டிக்காரன் என்பர். மிதிவண்டி ஓட்டுபவன் மேலே முதுகை வளைக்கிறான். கீழே காலால் மிதிக்கிறான்.

ஃபிரெங்கல் பிரன்ஸ்விக் அம்மையார் மற்றொரு இயல்பையும் கண்டு எழுதினார். இத்தகைய மனத்தினர் இருபொருள்பட நிற்கும் எதனையும், முடிவு தெளியாத எதனையும் தாங்கமாட்டார்கள். எல்லாம் கறுப்பாக இருத்தல் வேண்டும், அல்லது வெண்மையாக இருத்தல் வேண்டும். மனிதர் நம்மவராக இருத்தல் வேண்டும், அல்லது பகைவராக இருத்தல் வேண்டும். அநேகாந்தத்தை அடித்தளமாகக் கொண்ட நமக்கு இது புதிய செய்தியன்று. ஒரு பொருளைப் பல நோக்கில் பார்க்கலாம், ஒருவகையில் இது மெய், பிறிதொரு வகையில் அது மெய் என்னும் ஸ்யாத்வாதம் தருக்கத்திற்காக மட்டும் அமைந்ததென்று பலர் கருதுகின்றனர். அது நாவின் ஒழுக்கமும் ஆகும். வீட்டிலும் சபையிலும் 'நீங்கள் கூறுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது' என்ற சொற்றொடர் ஒருவர் வாயிலிருந்து ஆண்டு முழுவதும் வெளிவரவில்லையெனில், அஃது உடையையும் மீசையையும் விட வலிய சான்றாகும்.

தோளிலிருந்து இறங்கிய துண்டு

மேலே கண்டவற்றால் ஓர் உண்மை பெறப்படுகிறது. ஆதிக்க மனம் என்பது ஒருவன் தனித்திருக்கும்போது காணப்படும் பொருளன்று. மேலோர்க்கும் கீழோர்க்கும் இடையே அவன் நிற்கும் நிலையில்தான் அது வெளிப்படுகிறது. எனவே அதன் அடையாளத்தை அவன் முகத்தில் தேடுவது வீண். அவனைச் சூழ்ந்திருப்போர் முகத்தில் தேடுவதே முறை.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலும், தமிழகத்தின் பிற சிற்றூர்களிலும், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை நிலவிய வழக்கம் ஒன்றை முதியோர் அறிவர். நிலவுடைமையாளர் எதிரே வந்தால், கூலியாள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார், அல்லது இடுப்பில் கட்டிக்கொள்வார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். காலில் செருப்பிருந்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். தேநீர்க் கடையில் அவருக்கெனத் தனிக் குவளை இருக்கும். தீண்டாமையைக் குற்றமாக்கி 1955இல் நடுவணரசு சட்டம் இயற்றிய பின்னரும் இவை பல ஆண்டுகள் நீடித்தன. எதிரே வந்த நிலவுடைமையாளரின் தோற்றத்தில் ஒரு குறையும் காணவியலாது. திருநீறோ திருமண்ணோ திலகமோ அணிந்து, வெள்ளை வேட்டியுடன், புன்னகையோடும் வந்திருப்பார். ஆயினும் அத்தெருவில் ஆதிக்கம் நடந்தது. அதன் அடையாளம் அவருடைய தோளில் இல்லை. மற்றொருவர் தோளிலிருந்து இறங்கிய துண்டில் இருந்தது.

இதே கண்கொண்டு நம் இல்லங்களைப் பார்ப்போம். தலைவரின் காலடியோசை கேட்டவுடன் உள்ளே பேச்சு நின்றுவிடுகிறதா? பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொள்கின்றனரா? மனைவி ஒரு கருத்தைச் சொல்லுமுன் கணவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாரா? உப்பு மிகுந்துவிட்டது என்ற சிறு செய்திக்கு வீடே அஞ்சுகிறதா? வரன் பார்க்கச் செல்வோர் மாப்பிள்ளையின் நிறத்தையும் வேலையையும் சம்பளத்தையும் விசாரிக்கின்றனர். அவர் தாயும் தங்கையும் அவர் முன்னிலையில் எவ்வாறு பேசுகின்றனர் என்று பார்ப்போர் மிகச் சிலரே. பெண்ணின் பிற்கால வாழ்வு எப்படியிருக்கும் என்பதற்கு அவ்விருவர் முகத்தைக் காட்டிலும் தெளிவான ஜாதகம் இல்லை.

வீட்டுக்கு வெளியிலும் இதே அளவுகோல் பொருந்தும். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில் அகிம்சா அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவ்வைந்தும் நம் கைக்குள் இருக்கும் உயிர்களிடம் மட்டுமே செய்யக்கூடியவை என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். அயலானையோ பகைவனையோ பற்றியவை அல்ல இவை. அதிகாரத்தின் இலக்கணத்தையே ஆசாரியர் இங்கு எழுதிவைத்துள்ளார். பெரம்பலூர் மாவட்டத்தின் மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் நண்பகல் கடந்தும் கூலியாளை உணவுக்கு விடாது வேலை வாங்குவோர், அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்டு ஆலைக்குச் செல்லும் லாரியில் அளவை மீறிப் பாரமேற்றச் சொல்வோர், வார இறுதிக் கூலிக்காக ஆட்களை இரவுவரை வாசலில் நிற்கவைப்போர் எங்கேனும் இருப்பின், அவர்கள் அனைவரும் நான்காம், ஐந்தாம் அதிசாரங்களின் எல்லைக்குள் நிற்கின்றனர். அவர்கள் கையில் கத்தி இல்லை. நாவில் வசைகூட இல்லாதிருக்கலாம்.

அரியலூர் காட்டிய மனிதர்

கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த பெருங்கோயிலின் வடபுறத்தில், சிவபிரான் சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பம் புகழ்பெற்றது. தலைதாழ்த்திக் கைகூப்பி அமர்ந்திருக்கும் அவ்வுருவில் அரசனே உருவகமாகக் காட்டப்பட்டுள்ளான் என்று கருதுவோர் உளர். கடல்கடந்து படை செலுத்திய பேரரசன் தெய்வத்தின் முன் தலைவணங்குவது அழகிய காட்சி. ஆனால் மேலே வணங்கிய தலையைக் கொண்டு, கீழே இருந்த குடிகள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்று முடிவு செய்தல் இயலாது. கோயிலில் நீண்டநேரம் கைகூப்பி நிற்பதை அடக்கத்தின் சான்றாகக் கொள்வோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். வெளியே வந்தவுடன் செருப்பைக் காத்திருந்தவரிடம் பேசும் குரலே சான்று.

அதே மாவட்டம் மற்றொரு மனிதரையும் நமக்குக் காட்டியது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அதிகாலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி, அரியலூருக்கும் கல்லகத்திற்கும் இடையே மருதையாற்றில் கவிழ்ந்தது. பெருமழையால் வந்த வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது இரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவ்வாண்டிலேயே சில மாதங்களுக்கு முன்னர் மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்தின்போது அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் மீண்டும் விலகல் கடிதம் அளித்தார். விபத்துக்குச் சாஸ்திரி பொறுப்பாளி அல்லர் என்றாலும், அரசியலமைப்பு நெறிக்கு முன்மாதிரியாக அமையும் என்பதால் ஏற்றுக்கொள்வதாக நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

சாஸ்திரியார் குள்ளமான உருவினர், மென்குரலினர், எளிய உடையினர். ஆனால் நாம் அவரை மதிக்க வேண்டுவது இவற்றுக்காக அன்று. இவற்றைக் கண்டு அவரை வலுவற்றவர் என்று எண்ணியோர் 1965ஆம் ஆண்டுப் போரின்போது தம் கணிப்புத் தவறியதைக் கண்டனர். அவரது உள்ளத்தைக் காட்டியது உருவமன்று. பாலத்தைப் பார்வையிட்ட ஊழியர் மீதோ, வண்டி ஓட்டியவர் மீதோ, மழையின் மீதோ பழியைச் சுமத்திவிட்டு அவர் பதவியில் தொடர்ந்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். ஆதிக்க மனத்தில் புகழ் மேல்நோக்கிப் பாயும். பழி கீழ்நோக்கிப் பாயும். சாஸ்திரியிடம் பழி மேல்நோக்கிச் சென்றது. இதனையே அடையாளமாகக் கொள்க. தம் குலத்தைக் காட்டும் பெயரொட்டை இளமையிலேயே நீக்கிவிட்டு, காசி வித்யாபீடம் அளித்த சாஸ்திரி என்னும் பட்டத்தையே பெயராகக் கொண்டவர் அவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். எட்டு மதங்களுள் குல மதமும் ஜாதி மதமும் அடங்கும் அன்றோ!

பெயர் எழுத இடமில்லாத மலை

ஸ்ரீபுராணத்தின் வழியாக நம் இல்லங்களில் நன்கறியப்பட்டவர் பரத சக்கரவர்த்தி. ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் கூறும் நிகழ்ச்சி ஒன்று இங்குச் சிந்திக்கத்தக்கது. ஆறு கண்டங்களையும் வென்ற பரதர், தம் பெயரைப் பொறிக்க விருஷபாசலத்திற்குச் சென்றார். தம்மைப் போல் வென்றவர் எவருமிலர் என்பது அவர் எண்ணம். மலை முழுவதும் முன்னிருந்த சக்கரவர்த்திகளின் பெயர்களால் நிறைந்திருந்தது. பரதரின் செருக்கு அங்கே சற்றே தளர்ந்தது. எனினும் ஒருவர் பெயரை அழித்துவிட்டு அவ்விடத்தில் தம் பெயரை எழுதினார். பின்னர் அயோத்தியின் வாயிலில் சக்கரம் உள்ளே புகாமல் நின்றது. தம்பியர் இன்னும் பணியவில்லை என்பதே காரணம். பாகுபலி தமக்குரிய நாட்டில் அமைதியாகவே இருந்தார். எவர்க்கும் தீங்கு செய்தாரல்லர். ஆயினும் அவர் வணங்காதது குறையாயிற்று.

ஆதிக்க மனத்தின் இரு செயல்களும் இக்கதையில் உள்ளன. பிறர் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதுதல் ஒன்று. பிறர் தீங்கின்றி வாழ்வது போதாது, அவர் வணங்கவும் வேண்டும் என்று கருதுதல் மற்றொன்று. முன்னவர் செய்த திருப்பணியின் கல்வெட்டை மறைத்துத் தம் பெயர்ப்பலகை மாட்டும் அறங்காவலரும், அழைப்பிதழில் தம் பெயர் இரண்டாவதாக அச்சானதற்குத் திருவிழாவையே புறக்கணிக்கும் பெரியவரும் விருஷபாசலத்தின் அடிவாரத்திலேயே நிற்கின்றனர். பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம் உள்ள ரஞ்சன்குடிக் கோட்டையைக் கண்டோர், அதிகாரத்திற்காக எழுப்பிய மதிலும் அகழியும் இன்று ஆட்டிடையர்க்கு நிழலாக இருப்பதைக் கண்டிருப்பர். ஆனால் பரதரின் கதை அங்கே முடிந்துவிடவில்லை. அப்பெருமகனார் இறுதியில் துறவு பூண்டு கேவலஞானம் எய்தினார். கல் போன்ற செருக்கும் கரையக்கூடியதே என்பது இதனால் பெறப்படும்.

குற்றம் மறைத்தலும் எச்சரிக்கையும்

இனி இரண்டாவது வினாவிற்கு வருவோம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம் ஒன்று. பிறர் குற்றத்தைப் பறைசாற்றாமல் மறைப்பது அதன் இயல்பு. பிறரை இகழ்தலும் தன்னைப் புகழ்தலும் நீச கோத்திரத்திற்குக் காரணம் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் 6ஆம் அத்தியாயம் கூறுகிறது. அவ்வாறிருக்க, இன்னார் ஆதிக்க மனத்தினர் என்று அடையாளம் தேடித் திரிவது தகுமா?

ஐயம் நியாயமானதே. இதற்கு இரு எல்லைகளை வகுத்துக்கொள்ளலாம். ஒருவரை இகழ்வதற்கும், அவரைப் பற்றித் திண்ணையில் பேசுவதற்கும், அவர்மீது முத்திரை குத்துவதற்கும் இவ்வடையாளங்களைப் பயன்படுத்துதல் கூடாது. அவ்வாறு செய்பவர் தர்ஸ்டனின் அளவுகோலையே வேறு வடிவில் கையில் எடுத்தவராவார். ஆனால் பிறிதோர் உயிரின் வாழ்வை அவர் கையில் ஒப்படைக்கப் போகும் நேரத்தில், மகளைக் கொடுக்கும்போதும் பொதுச்சொத்தை ஒப்படைக்கும்போதும் பதவியில் அமர்த்தும்போதும், கண்டும் காணாதிருப்பது உபகூகனம் ஆகாது. அது அசட்டை. குற்றத்தை மறைப்பது குற்றவாளி திருந்துவதற்கும் சங்கத்தின் பெயர் கெடாதிருப்பதற்கும் ஏற்பட்டது. எளியோர் துன்பத்தை மறைப்பதற்கு ஏற்பட்டதன்று. ஒருவரை இழித்துப் பேசாமலே அவரிடம் அதிகாரத்தைக் கொடாதிருக்க நம்மால் இயலும்.

செய்தல், செய்வித்தல், உடன்படல்

மற்றொரு பொறுப்பும் நமக்குண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்டான்லி மில்கிராம் என்பவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அடுத்த அறையில் இருப்பவர் தவறான விடை கூறும்போதெல்லாம் மின்னதிர்ச்சியைக் கூட்டிக் கொடுக்குமாறு, சாதாரணக் குடிமக்களுக்கு ஆய்வாளர் கட்டளையிட்டார். உண்மையில் எவர்க்கும் அதிர்ச்சி செல்லவில்லை. கொடுத்தவர்க்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட்டு என்ற இறுதி அளவுவரை சென்றனர். இம்முறையைக் குறை கூறுவோர் உளர். ஆயினும் அவர் செய்த மற்றொரு சோதனை நம் கவனத்திற்கு உரியது. உடன் அமர்ந்திருந்த இருவர் நடுவிலேயே மறுத்து எழுந்தபோது, 40 பேரில் 4 பேரே இறுதிவரை சென்றனர்.

நம் அறநூல்கள் வினையை மூவகையாகப் பகுக்கும்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படல். ஆதிக்கம் தனியொருவனால் நடைபெறுவதன்று. அவன் செய்விக்கிறான், நாம் உடன்படுகிறோம். சபையில் ஏழை ஒருவரைத் தலைவர் இழிவாகப் பேசும்போது நாம் தலைகுனிந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், மூன்றாம் வினை நம் கணக்கில் ஏறுகிறது. 'ஐயா, அவரும் நம்மைப் போன்றவரே' என்று ஒருவர் அமைதியாகச் சொன்னால், இரண்டாமவர்க்கும் நா எழும்.

நம்மை நாமே காணுதல்

இவ்வடையாளங்கள் யாவும் முதலில் நமக்கே உரியவை. பிறர் முகத்தில் நம்மைப் படிக்கும் பழக்கம் வேண்டும். சாமாயிகத்தில் அமரும்போது, இன்று என்னைக் கண்டு எவர் குரல் தாழ்ந்தது, எவர் பேச வந்ததைப் பேசாமல் திரும்பினார், எவருடைய உணவு என்னால் தாமதமாயிற்று, என் தவறுக்கு எவர் பழி சுமந்தார் என்று நான்கு வினாக்களைக் கேட்டுக்கொண்டால் போதும். உத்தம மார்தவம் என்னும் மென்மையறம் ஏட்டிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வரும்.

தசலட்சண பருவம் நிறைவுற்றதும் உற்றார் உறவினரிடம் நாம் பொறுத்தருளுமாறு வேண்டுகிறோம். நமக்கு இணையானவரிடமும் மூத்தவரிடமும் அவ்வாறு கேட்பது எளிது. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரிடமும், நம் நிலத்தை உழும் பெரியவரிடமும், நம் கடையில் மூட்டை சுமக்கும் இளைஞனிடமும் கேட்கிறோமா? கேட்கும்போது அவர்கள் அஞ்சி எழுந்து நிற்காமல், இயல்பாகச் சிரித்து ஏற்றுக்கொண்டால், நம் மானம் பிரம்பின் நிலைக்கு வந்துவிட்டது என்று கருதலாம்.

சோழநாட்டு வயல்வெளிகளிலும் குளக்கரைகளிலும் கிடைத்த தீர்த்தங்கரர் திருவுருவங்களை நோக்குக. கையில் படைக்கலம் இல்லை. மேனியில் அணிகலன் இல்லை. புருவத்தில் நெரிப்பு இல்லை. எவரையும் அச்சுறுத்தாத உருவம் அது. அத்திருவுருவின் முன் நின்று குழந்தையும் அஞ்சாது கைகூப்புகிறது. நம் முன்னிலையிலும் எளியோர் அஞ்சாது நிற்கும் நாள் வருமாக!

வளர்க ஜினதருமம்! வாழ்க பல்லுயிரும்!